எந்த எண்ணை முன்வைப்பது?

(மதுரையில் சமூகப்பணி மாணவர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திட்ட அறிக்கைகளைப் படிப்பது என் பிழைப்பு. அரசுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு, தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை, நன்கொடையாளருக்குப் போகும் காலாண்டு ரிப்போர்ட் என எதை எடுத்தாலும் முதல் பக்கம் ஒரே சாயலில்தான் இருக்கும். இத்தனை பயிற்சி முகாம், இத்தனை பயனாளிகள், இத்தனை லட்சம் செலவு, இலக்கில் இத்தனை சதவீதம். எல்லாம் உண்மையாகவே இருக்கும். வவுச்சரும் கையெழுத்தும் பக்காவாக இருக்கும். ஆனால் அறிக்கையை மூடி வைத்துவிட்டு, இந்தத் திட்டமே நடக்காமல் போயிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காது.

எழுதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பதிவேட்டில் எந்தக் கட்டம் இருக்கிறதோ அது அறிக்கையில் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். வருகைப் பதிவேடு இருந்தால் வருகை, பில் புத்தகம் இருந்தால் செலவு. நான் சொல்ல விரும்புவது இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கம். ஒரு எண்ணைத் தேடிப் போவதற்கு முன்னால், அதை வைத்துக்கொண்டு யார் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று கேளுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு அறிக்கையில் இடம் தர வேண்டாம். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால் பாதி அட்டவணைகள் காணாமல் போகும்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். இங்கிருந்து திருச்சி சாலையில் மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் முன்னோட்டமாக நடந்தது அந்த ஒன்றியத்தில்தான். மையத்துக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் உணவு போடுவது அதுவரை இருந்த வழக்கம். இந்தத் திட்டம் அப்படிச் செய்யவில்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். ஏற வேண்டிய அளவு எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் இணை உணவு. தேறிவிட்டால் உணவு நிற்கும். எடை பார்ப்பதும் தாய்க்குச் சொல்லும் ஆலோசனையும் தொடரும்.

எடை பார்க்கும் வேலையை உங்களில் பலர் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். தொங்கு தராசில் மாட்டிய பையில் குழந்தையை உட்கார வைத்தவுடன் அது வீறிட்டு அழும், காலை உதைக்கும், முள் நிற்காமல் ஆடும். கொஞ்சம் அடங்கும் அந்த ஒரு கணத்தில் பணியாளர் எண்ணைப் படித்து, அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு சேர்ப்பார். கோடு மேலே போனால் சரி. படுத்துவிட்டாலோ இறங்கினாலோ தாயிடம் பேச வேண்டும். அந்தக் கோடு ஒரு நல்ல புள்ளிவிவரம் என்பேன். அதை வைத்து அங்கேயே, அந்த நிமிடமே, ஒரு முடிவு எடுக்கப்படுகிறது: இந்தப் பிள்ளைக்கு உணவு உண்டா, இல்லையா. முடிவெடுப்பவரும் அந்த எண்ணால் பாதிக்கப்படுபவரும் ஒரே திண்ணையில் இருக்கிறார்கள்.

மாவட்டத்துக்கும் சென்னைக்கும் போக வேண்டிய எண் வேறு. அங்கே எடுக்க வேண்டிய முடிவு, திட்டத்தை அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோகலாமா என்பது. அதற்கு எந்த எண்ணைக் காட்டுவது? ‘இத்தனை குழந்தைகளுக்கு எடை பார்த்தோம்’ என்பது வேலை நடந்ததற்குச் சாட்சி, பயனுக்குச் சாட்சி ஆகாது. சரி, ‘உணவு பெற்றவர்களில் இத்தனை பேர் 90 நாளில் தேறி வெளியே போனார்கள்’ என்று சொன்னால்? இது பயனைச் சொல்வது போலவே தோன்றும். இதில்தான் ஆபத்து அதிகம்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு குழந்தை உணவுப் பட்டியலில் எப்போது சேர்கிறது? எடை ஏறாத மாதத்தில். எடை ஏன் ஏறவில்லை? காய்ச்சல் அடித்திருக்கும், வயிற்றுப்போக்கு வந்திருக்கும், அம்மா அறுவடைக்குப் போயிருப்பாள். காய்ச்சல் விட்டால், அறுவடை முடிந்தால், பல பிள்ளைகளுக்கு எடை தானாகவே ஏறும். மோசமான மாதத்தில் பிடித்துச் சேர்த்த குழந்தைகளை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி மேலே போயிருக்கும். மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மட்டும் தனி வகுப்பு, சர்க்கரை அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் ஆலோசனை, தற்கொலை எண்ணம் மிகுந்த நாளில் வந்தவர்களுக்கு உளவியல் உதவி என, தாழ்ந்து நிற்பவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் எல்லாத் திட்டங்களிலும் இது நடக்கும். சேர்ந்தவர்களின் முன்-பின் கணக்கு இந்தத் திட்டங்களுக்கு எப்போதும் சாதகமாகவே பேசும். நல்ல திட்டத்துக்கும் பேசும், உருப்படாத திட்டத்துக்கும் பேசும். இரண்டையும் பிரித்துக் காட்டாத எண் எதற்கு?

அதனால் சென்னைக்குப் போக வேண்டிய எண் இதுதான்: திட்டக் கிராமங்களில் உள்ள எல்லாக் குழந்தைகளிலும், சேர்ந்தவர் சேராதவர் என்று பார்க்காமல், கடுமையான ஊட்டக்குறைவில் இருப்போர் எத்தனை பேர், திட்டம் போகாத ஒத்த கிராமங்களில் எத்தனை பேர். அந்த ஒப்பீட்டைத்தான் மதிப்பீட்டாளர்களும் செய்தார்கள். கடும் ஊட்டக்குறைவு திட்டப் பகுதியில் தெளிவாகவே கூடுதலாகக் குறைந்தது.

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மகிழ்ச்சியும் வரும். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றில்லை. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் மையங்களில் சோறு. மாநிலம் முழுக்க. ஒப்பிடுவதற்காக ‘திட்டம் இல்லாத பகுதி’ என்று வைத்திருந்த ஊர்களிலும் சோறு வந்துவிட்டது! ஆய்வாளருக்கு அது தலைவலி, பசித்த பிள்ளைக்கு விருந்து. ஆனால் அறிக்கையைப் படிப்பவர் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். 1982-க்குப் பிறகு வந்த ஒப்பீடுகள் ‘ஊட்டச்சத்துத் திட்டம் இருந்தது, எதுவும் இல்லாதது’ என்ற ஒப்பீடுகள் அல்ல. ‘இரண்டும் இருந்தது, சத்துணவு மட்டும் இருந்தது’ என்பதற்கு அருகில் வருபவை. எண்ணுக்குப் பக்கத்தில் எதோடு ஒப்பிட்டோம் என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே மாறிவிடும்.

கதை இங்கே முடியவில்லை. தமிழ்நாட்டில் பயன் தந்த இந்த மாதிரியைப் பின்பற்றி 1995-ல் வங்கதேசத்தில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று வந்தது. அதே எடை பார்த்தல், அதே இணை உணவு, தாய்மார்களுக்கு அதே ஆலோசனை. 2003-ல் சேவ் த சில்ரன் அமைப்பின் பிரிட்டன் கிளை வெளியிட்ட ஆய்வு, திட்டப் பகுதிக் குழந்தைகளுக்கும் மற்ற பகுதிக் குழந்தைகளுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை என்றது. 2005-ல் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவும் விளைவு குறைவுதான் என்றது. தத்துவ அறிஞர் நான்சி கார்ட்ரைட் இந்த இரண்டு திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய பிறகு, மதிப்பீடு படிக்கும் மாணவர்கள் பலர் தமிழ்நாட்டின் பெயரை அந்த எழுத்தில் கேள்விப்படுகிறார்கள்.

என்ன நடந்தது? தாய்மார்களுக்கு ஆலோசனை போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு விஷயமும் தெரிந்தது. ஆனால் வங்கதேசக் கிராமக் குடும்பங்கள் பலவற்றில் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குபவர் ஆண். சமையலறையில் சொல் செல்லுபடியாவது மாமியாருக்கு. குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஆலோசனை கேட்ட பெண்ணின் கையில் முழுசாக இல்லை. அதோடு, மையத்தில் உணவு கொடுத்தால் வீட்டில் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்வதும் உண்டு. ‘இத்தனை சதவீதத் தாய்மாருக்கு ஆலோசனை தந்தோம்’ என்ற எண் எவ்வளவு உயர்ந்தாலும் குழந்தையின் தட்டில் எதுவும் மாறாது. அங்கே எடுத்திருக்க வேண்டிய எண், குழந்தையின் உணவைப் பற்றி முடிவெடுக்கும் ஆட்களில் எத்தனை பேரிடம் பேசினோம் என்பது. ஆலோசனை பெற்ற தாய்மாரின் சதவீதமோ, வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று தெரியாமல் வகுத்த விகிதம். வகுபடும் எண்ணில் தவறு இல்லை, வகுக்கும் எண்ணில்தான் தவறு.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். கொரோனா காலத்தில் ஒன்றரை ஆண்டு பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2021 இறுதியில் இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டம் வந்தது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வகுப்பு எடுத்தார்கள். நல்லூழாக, ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த ஒரு ஆய்வு அதே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. அபிஜித் சிங், மவுரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் செய்தது. அதில் அவர்கள் சொன்ன முடிவு: 2019-ல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணக்கில் சுமார் 0.7 திட்ட விலக்கமும் மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கல். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் பின்தங்கலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது.

அருமையான ஆய்வு. ஆனால் இந்த மூன்று வாக்கியங்களை அப்படியே எடுத்து ஒரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படியுங்கள். ‘0.7 திட்ட விலக்கம்’ என்றதும் தலைமை ஆசிரியர் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அது ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அளவு. வேறு வேறு தேர்வுகளை ஒப்பிட அவர்களுக்கு அது வேண்டும், நமக்கு வேண்டியதில்லை. இப்படிச் சொல்லலாம்: 2019-ல் ஒரு வயதுப் பிள்ளைகள் 100 பேரைக் கணக்கு மதிப்பெண் வரிசையில் நிற்க வைத்தால், நடுவில் ஒரு பிள்ளை நிற்கும். 2021-ல் நடுவில் நின்ற பிள்ளையைக் கொண்டுபோய் அந்தப் பழைய வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து ஏறத்தாழ 24-ம் இடம்தான் கிடைக்கும். மொழியில் 37-ம் இடம். மதிப்பெண்கள் வழக்கமான மணி வடிவில் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது; ஆய்வாளர் சண்டைக்கு வந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பெற்றோருக்கு ஒரு வரிசை புரியும், தன் பிள்ளை அதில் எங்கே நிற்கிறது என்பது நன்றாகவே புரியும்.

‘பிள்ளைகள் இத்தனை ஆண்டுப் படிப்பை இழந்தார்கள்’ என்று ஆண்டாக மாற்றிச் சொல்லும் வழக்கமும் பெருகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு குறைவு. ஒன்றாம் வகுப்பில் ஒரு ஆண்டில் கற்பதும் எட்டாம் வகுப்பில் ஒரு ஆண்டில் கற்பதும் ஒரே அளவு அல்ல. தலைப்புச் செய்திக்கு ஏற்ற சொல், கூட்டத்தில் கேள்வி வந்தால் தாங்காத சொல்.

அடுத்தது 24 சதவீதம். இதை இரண்டு பேர் வாய் மாறிச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: ‘இல்லம் தேடிக் கல்வியால் 24 சதவீத மாணவர்கள் முன்னேற்றம்’. ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. 24 என்பது மாணவர்களில் 24 அல்ல, மீட்சியில் 24. எதில் இத்தனை பங்கு என்பது வாக்கியத்தில் விட்டுப்போனால் எண் தானாக இன்னொரு எண்ணாகிவிடும். நானாக இருந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு இப்படி எழுதுவேன்: இழந்தது 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், ஆறு மாதத்தில் ஏறத்தாழ 67 பங்கு திரும்பி வந்தது. அதில் ஏறத்தாழ 16 பங்கு மாலை வகுப்பால் வந்தது; ஏறத்தாழ 51 பங்கு பள்ளி திறந்தது உள்ளிட்ட மற்றவற்றால். 33 பங்கு அப்போதும் வரவில்லை.

இந்த வாக்கியத்தில் என்ன கிடைக்கிறது பாருங்கள். வெறும் முன்-பின் கணக்கு வைத்திருந்தால் 67 பங்கும் திட்டத்தின் கணக்கில் ஏறியிருக்கும். விளம்பரமும் அப்படியே வந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்த்ததால் 16 என்று தெரிகிறது. 16 சின்ன எண்ணா? மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், சில மாதங்களில், ஒன்றரை ஆண்டு இழப்பில் ஆறில் ஒரு பங்கை மீட்டது என்றால் நான் அதைப் பெரிய எண் என்றே சொல்வேன். 33-ம் முக்கியம். ஏனென்றால் அதற்கடுத்த ஆண்டு பட்ஜெட்டில் முடிவெடுக்க வேண்டியிருந்தது அந்த 33-ஐப் பற்றித்தான். கடந்ததைப் பாராட்டும் எண் ஒன்று, வருவதைத் தீர்மானிக்கும் எண் ஒன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. பள்ளி மூடியபோது வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் இழந்தார்கள். மீண்டபோது அவர்கள்தான் வேகமாக மீண்டார்கள். சராசரியை மட்டும் அச்சிட்டிருந்தால் இது வெளியே தெரிந்திருக்காது. சராசரிக்குப் பக்கத்தில் குறைந்தது ஒரு பிளவையாவது காட்டுங்கள். எந்தப் பிளவு என்பதற்கும் அதே கேள்விதான்: எந்தப் பிரிவுக்காக முடிவு மாறும்? சாதி, பாலினம், தொலைவு, வீட்டில் படித்தவர் உண்டா என்று இருபது வகையாகப் பிரித்து இருபது பக்கம் இணைப்பு வைக்காதீர்கள். இருபது முறை பிரித்தால் ஏதோ ஒன்றில் தற்செயலாக ஒரு வேறுபாடு பெரும்பாலும் கிடைத்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு முன்னுரை எழுதுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குறைந்தது, கூடியது என்று சொல்லும்போது நடக்கும் விளையாட்டைக் கொஞ்சம் பார்ப்போம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் நான்காவது சுற்றில் 19.7 சதவீதம், ஐந்தாவது சுற்றில் 14.6 சதவீதம். திட்டத்தை நடத்துபவர் ‘26 சதவீதம் குறைத்தோம்’ என்பார். எதிர்க்கட்சிக்காரர் ‘வெறும் 5 சதவீதம்’ என்பார். கணக்கில் இருவரும் சரிதான். 19.7-ல் 5.1 குறைந்தால் அது கால்வாசிக்குச் சற்று மேல். பத்திரிகை வாசகர்தான் நடுவில் நின்று விழிக்கிறார். இதற்கு மருந்து ரொம்பப் பழையது: தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் ஆளாக்கிச் சொல்லுங்கள். 100 குழந்தைகளில் 20 பேர் இருந்தார்கள், பிறகு 15 பேர். அதற்கு மேல் உரிச்சொல் எதுவும் வேண்டாம்.

இதைச் செய்யாவிட்டால் ஆபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்ததைப் பாடநூல்கள் பலவும் சொல்கின்றன. 1995 அக்டோபரில் அங்கே மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக்கட்டு வரும் ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று அறிவித்தது. இரண்டு மடங்கு என்றால் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும். ‘100 சதவீதம் அதிகம்’ என்று செய்தி பரவியது. பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று கணக்கிட்டார்கள். கர்ப்பமும் கருக்கலைப்பும் இரத்தக்கட்டு ஆபத்தை அந்த மாத்திரையைவிட அதிகமாக ஏற்றக்கூடியவை. ஒரு எண் தவறே இல்லாமல் சொல்லப்பட்டு, இத்தனை தீங்கு செய்தது.

சின்ன ஊரின் எண்களுக்கு வருகிறேன். மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில் வட்டார மருத்துவ அலுவலர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரிந்ததே. 2018-20 கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54 தாய்மார் மரணம், இந்தியாவில் 97. மாநிலத்துக்கு இது நல்ல அளவு. இதே அளவை ஆண்டுக்கு 300 பிரசவம் நடக்கும் ஒரு பகுதிக்குப் போட்டுப் பாருங்கள். மாநிலச் சராசரி நிலவினால் ஆறு ஆண்டுக்கு ஒரு மரணம்தான் எதிர்பார்க்கலாம். ஐந்து ஆண்டு பூஜ்யம். பரிசும் கேடயமும் வரும். ஆறாம் ஆண்டில் ஒரு மரணம்; விகிதம் ஒரே தாவலில் 333! ‘மாநிலச் சராசரியைவிட ஆறு மடங்கு’ என்று குறிப்பாணை வரும். அந்தப் பகுதியில் எதுவும் மோசமாகவும் இல்லை, ஐந்து ஆண்டும் எதுவும் மேம்பட்டுவிடவும் இல்லை. அந்த ஊருக்கு அந்த விகிதமே பொருந்தாது.

அங்கே என்ன செய்வது? அந்த ஒரு மரணத்தை விகிதமாக்காமல் விசாரிப்பது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனியாகத் தணிக்கை செய்யும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. வலி கண்டது எத்தனை மணிக்கு, 108 வந்தது எத்தனை மணிக்கு, முதல் ஆஸ்பத்திரியில் எத்தனை நேரம், அங்கிருந்து எங்கே அனுப்பினார்கள், இரத்தம் இருந்ததா. இந்தத் தணிக்கையில்தான் அந்த ஊர் அதிகாரி செய்யக்கூடிய வேலை தெரியும். தொடர்ந்து அளக்க வேண்டும் என்றால் மரணத்தை விட்டுவிட்டு, சிக்கல் தெரிந்ததிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி சேரும் வரையான நேரத்தை அளக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறைகூட நிகழாததைவிட, வாரந்தோறும் நிகழ்வதை அளந்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

தசமப் புள்ளி மோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது பேரிடம் கேட்டுவிட்டு ‘61.37 சதவீதம் திருப்தி’ என்று அறிக்கை வருகிறது. நாற்பது பேரில் ஒரு ஆள் என்றால் இரண்டரை சதவீதம், 61.37 எங்கிருந்து வந்தது? எக்செல் போட்டது, நாம் எடுத்து ஒட்டினோம். 500 பேரிடம் முறையாகக் கேட்டு 60 சதவீதம் வந்தால்கூட உண்மை 56-க்கும் 64-க்கும் நடுவே எங்கும் இருக்கலாம். சில கிராமங்களை மட்டும் பொறுக்கி எடுத்து அங்கேயே எல்லாரையும் கேட்டிருந்தால் இடைவெளி இன்னும் அகலும். அதை அப்படியே சொல்லுங்கள்: ‘பத்தில் ஆறு பேர், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.’ இதனால் மரியாதை குறையாது. போன ஆண்டு 60, இந்த ஆண்டு 62 என்று வந்ததற்கு விழா எடுப்பதுதான் மரியாதையைக் குறைக்கும்.

புரிகிற எண்ணுக்கு நல்ல உதாரணம் கேட்டால் நான் தயங்காமல் பிரதம் அமைப்பு 2005-லிருந்து நடத்தும் அசர் ஆய்வைச் சொல்வேன். வீடு வீடாகப் போய்ப் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. எதுவரை படிக்கிறது? அவ்வளவுதான் சோதனை. ‘ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இத்தனை சதவீதம் பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கிறார்கள்’ என்ற வாக்கியத்தை டீக்கடையில் சொன்னாலும் புரியும், நாடாளுமன்றத்தில் சொன்னாலும் புரியும். குறை உண்டு. கோட்டைத் தொட்டவர் தொடாதவர் என்று இரண்டாகப் பிரிப்பதால், எழுத்தே தெரியாமல் இருந்து சொல் படிக்கும் அளவுக்கு வந்த பிள்ளையின் முன்னேற்றம் அந்தத் தலைப்பு எண்ணில் தெரியாது. இலக்கு வைத்து வேலை வாங்கினால், கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவர்களை மட்டும் மேலே தள்ளிவிட்டுக் கடைசி வரிசையை மறந்துவிடும் ஆசையும் வரும். ஆனாலும் தாய் தன் கண்ணெதிரே, தன் வாசலில், பிள்ளை படிப்பதையோ படிக்க முடியாமல் நிற்பதையோ பார்க்கிறாள். எண்ணும் அது சொல்லும் பொருளும் இத்தனை நெருக்கமாக இருப்பதை வேறு அளவுகளில் நான் அதிகம் கண்டதில்லை.

உங்களில் சிலர் அடுத்த மாதமே களத்துக்குப் போகிறீர்கள். அதனால் ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். திட்டம் தொடங்குவதற்கு முன்பே, கடைசி அறிக்கையில் வரப்போகும் முக்கிய அட்டவணையை ஒரு தாளில் வரையுங்கள். தலைப்பு, வரிசை, நெடுவரிசை எல்லாம் இருக்கட்டும். கட்டங்கள் மட்டும் காலி. ஒரு நெடுவரிசை உங்கள் ஊர்களுக்கு, இன்னொன்று ஒப்பிடும் ஊர்களுக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே, மொத்தம் எத்தனை பேரில் என்று எழுத ஓர் இடம். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, பணம் தருபவரிடமோ கலெக்டரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ போய் உட்கார்ந்து கேளுங்கள்: ‘ஐயா, இந்தக் கட்டத்தில் 15 என்று வந்தால் என்ன செய்வீர்கள்? 5 என்று வந்தால் என்ன செய்வீர்கள்?’ இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தக் கட்டத்தை அங்கேயே அடித்துவிடுங்கள். அதற்காக ஒரு பணியாளரையும் வெயிலில் அலைய வைக்காதீர்கள். பதில் மாறினால், அதைத் தாளின் ஓரத்தில் தேதி போட்டு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.